ஜப்பானில் என் பெயர் முனுசாமி

1

ஊரில் இருந்தவரை நான் மு. அமுதா. பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் தொடங்கி கல்லூரிச் சான்றிதழ் வரைக்கும் அந்த 'மு' ஒரு புள்ளியோடு முன்னால் நிற்கும். யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. ஜப்பானுக்கு வந்த பிறகு அந்த ஓரெழுத்துக்குக் கை கால் முளைத்துவிட்டது. இங்கே என் பெயர் முனுசாமி.

குடும்பப் பெயர் இல்லாத மனிதர் இந்த நாட்டில் கிடையாது. கல்யாணம் நிச்சயமான அவசரத்தில் எடுத்த பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் எதையாவது எழுதியாக வேண்டும் என்றார்கள். அப்பாவின் பெயரை எழுதினோம். அன்றைக்கு அது ஒரு கட்டத்தை நிரப்பிய காரியம், அவ்வளவுதான். இங்கே வந்து இறங்கிய நாளிலிருந்து வங்கியில், மருத்துவமனையில், தபால்காரர் வாசலில் மணி அடிக்கும்போது, எல்லா இடத்திலும் 'முனுசாமி சான்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். 'சான்' என்பது நம் 'அவர்களே'. ஊரில் அப்பாவை யாரும் 'முனுசாமி அவர்களே' என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மரக்காணம் உப்பளத்தில் அவர் 'ஏ முனுசாமி'தான்.

நகராட்சி அலுவலகத்துக்குக் குடும்பமாகப் பதிவுசெய்யப் போனது ஒரு தனிக் கதை. கணவர் செந்தில்குமார், அவருடைய குடும்பப் பெயர் அவர் அப்பாவின் பெயரான ராமலிங்கம். என்னுடையது முனுசாமி. மகள் நிலாவுடையது செந்தில்குமார். கவுன்டரில் இருந்த பெண் மூன்று பாஸ்போர்ட்டையும் வரிசையாக வைத்துப் பார்த்தாள். நீங்கள் மூவரும் ஒரே வீட்டிலா இருக்கிறீர்கள் என்று மிகவும் பணிவாகக் கேட்டாள். நான் எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் விளக்கினேன். அவள் தன் மேலதிகாரியை அழைத்து வந்தாள். அவருக்கும் விளக்கினேன். அவர் தன் மேலதிகாரியை அழைத்து வந்தார். கடைசியில் ஒரு தாளில் மரம் வரைந்து கிளை கிளையாகப் பெயர் எழுதிக் காட்டியதும், மூன்று பேரும் 'ஹோ' என்று தலையாட்டிவிட்டு, அப்படியானால் உங்கள் குடும்பப் பெயர் எது என்று மறுபடியும் கேட்டார்கள்.

போன வாரம் ஒரு புது ஆள் கடையில் என்னை அப்படிக் கூப்பிட்டார். கார்த்திகைக் குளிர். போன வருஷம் இதே சமயத்தில்தான் அந்தப் பெயரின் சொந்தக்காரர் இங்கே வந்திருந்தார். அதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

2

கடை என்று சொன்னேன். அதைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

டோக்கியோவை ஒட்டிய எங்கள் ஊரில், ரயில் நிலையத்தின் பின்பக்கத் தெருவில், சலவைக் கடைக்கும் முடிதிருத்தும் கடைக்கும் நடுவில் ஒரு சின்ன சீன நூடுல்ஸ் கடை. வாசலில் சிவப்புத் துணி தொங்கும். உள்ளே அடுப்பைப் பார்த்தபடி ஒரு நீளப் பலகை, அதன் முன்னால் சில முக்காலிகள், பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு சில மேசைகள். மூலையில் உயரத்தில் ஒரு டி.வி. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கட்டட வேலைக்காரர்கள், டாக்சி டிரைவர்கள், கழுத்தில் டை கட்டியவர்கள், தனியாக வாழும் கிழவர்கள் என்று எல்லாரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சத்தமாக உறிஞ்சித்தான் சாப்பிட வேண்டும். நம் வீடுகளில் அப்படி உறிஞ்சினால் முதுகில் ஒன்று விழும்.

கடைக்காரர்கள் வடக்குச் சீனாவிலிருந்து வந்த தம்பதி. அடுப்படியில் நிற்பவரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். நம் ஊர்ப் பரோட்டாக் கடையிலும் அவர் மாஸ்டர்தானே. கேட்டதும் எனக்குப் பாதிப் பழக்கம் வந்துவிட்டது. மாஸ்டர் வாயைத் திறந்து பேசி நான் அதிகம் பார்த்ததில்லை. அவர் பேச வேண்டியதையும் சேர்த்து அவர் மனைவி மேய் பேசிவிடுவாள். என்னைவிடப் பெரியவள் என்பதால் நான் மேய் அக்கா என்றே சொல்வேன். அவளுக்கு 'அக்கா' என்ற சொல் பிடித்துப்போய், தன் ஊர்க்காரர்களிடமும் தன்னை அப்படிக் கூப்பிடச் சொல்லிப் பார்த்தாள்.

முதல்முறை அங்கே போனது 2004-இல், நிலாவை மழலையர் பள்ளியில் விட்டுவிட்டு, வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் நடந்துகொண்டிருந்த ஒரு மழை நாளில். வீடு என்றால் இரண்டு அறை, ஒரு ஜன்னல், கணவர் திரும்பும்வரை மூச்சுக்காட்டாத சுவர்கள். என்னோடு நானே தமிழில் பேசத் தொடங்கியிருந்தேன். பசித்தது, உள்ளே போனேன். மாட்டுக்கறி வேண்டாம், பன்றி வேண்டாம் என்று கையாலும் முகத்தாலும் சொன்னேன். மேய் அக்கா சிரிக்காமல் கேட்டுக்கொண்டு, கோழி எலும்புச் சாறில் நூடுல்ஸ் போட்டு, மேலே முட்டை வைத்துக் கொண்டுவந்தாள். பாதி சாப்பிட்டிருப்பேன், இன்னும் வேண்டுமா என்று கேட்டாள். போதும் என்றேன். ஜப்பானியரிடம் போதும் என்றால் போதும்தான். அடுத்த நொடி பாத்திரம் உள்ளே போய்விடும். விருந்துக்குப் போன வீடுகளில் மரியாதைக்குப் 'போதும்' சொல்லிவிட்டுப் பசியோடு எழுந்து வந்தவள் நான். மேய் அக்கா என் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி கொட்டிவிட்டுப் போனாள். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து என் 'போதும்' என்ற சொல்லை நம்பாத முதல் ஆள் அவள்தான். அங்கேயே உட்கார்ந்து எனக்குக் கண்ணீர் வந்தது. அவள் மிளகாய் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள். காரம் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு அடிக்கடி போனேன். அவளுடைய ஜப்பானிய மொழி பாதி உடைசல், என்னுடையது முழு உடைசல். வாடிக்கையாளர்களுக்கு எங்கள் இருவர் பேச்சும் புரியாது. எங்களுக்குள் எல்லாம் புரியும். சில மாதங்களில், இங்கேயே வேலைக்கு வந்துவிடேன் என்றாள். குடியேற்ற அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அங்கேயும் 'முனுசாமி சான்' என்று கூப்பிட்டதும் எழுந்து போய் வாங்கிக்கொண்டேன். மத்தியான நேரத்தில் மட்டும் வேலை. என்ன வேண்டும் என்று கேட்பது, கிண்ணங்களைக் கொண்டுபோய் வைப்பது, சாப்பிட்டு முடித்த பாத்திரங்களை எடுப்பது, மேசை துடைப்பது, கழுவுவது.

தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"செஞ்சா செய். உங்கப்பா காதுல மட்டும் போடாத."

3

அம்மா ஏன் அப்படிச் சொன்னாள் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்.

அப்பா வாலிபத்தில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஓட்டலில் எச்சில் இலை எடுக்கும் வேலையில் இருந்தார். ஒருநாள் இலையிலிருந்து குழம்பு வழிந்து ஒருவர் வேட்டியில் பட்டுவிட்டது. அந்த ஆள் கையில் இருந்த சாப்பாட்டோடு அப்பாவின் கன்னத்தில் அறைந்தாராம். அறை வலிக்கவில்லை, அவன் வாயில் வைத்த சோறு என் மூஞ்சியில் ஒட்டிக்கொண்டதுதான் இன்னும் போகவில்லை என்பார் அப்பா. அன்றைக்கே பஸ் ஏறி மரக்காணம் திரும்பி உப்பளத்தில் இறங்கியவர்தான். காலை உப்பு அரிக்கும், வெயிலில் பாத்தி முழுக்க வெளுத்துக் கண் கூசும், கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருக்கும். ஒருநாளும் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

"உப்ப வாருவேன். அடுத்தவன் எச்சிய வாரமாட்டேன்" என்பார்.

நம் ஊரில் எச்சில் வெறும் எச்சில் இல்லை. யார் இலையை யார் எடுப்பது என்பதில் தெருவும் சாதியும் எல்லாம் கலந்திருக்கின்றன; உங்களுக்குத் தெரியாததா. பந்தியில் சாப்பிட்டு எழுந்தவன் திரும்பிப் பார்க்கமாட்டான். எடுக்கிறவனை யாரும் பார்க்கமாட்டார்கள். என்னை பி.காம். படிக்கவைத்ததே நான் அந்தப் பக்கம் போகக் கூடாது என்பதற்காகத்தான். ஆகவே அம்மா ஊருக்குள் ஒரு கதை கட்டிவிட்டாள்: அமுதா ஜப்பானில் ஆபீசில் கணக்கு பார்க்கிறாள். அப்பா அதைப் பக்கத்து ஊர் பிரம்மதேசம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். யாராவது மகளைப் பற்றிக் கேட்கமாட்டார்களா என்று டீக்கடையில் காத்துக்கொண்டிருப்பாராம்.

அந்த வருஷக் கடைசியில்தான் கடல் உள்ளே வந்தது. ஞாயிற்றுக்கிழமை. நான் கடையில் இருந்தேன். பிற்பகலில் டி.வி.யில் தண்ணீரைக் காட்டினார்கள். நம் கடற்கரையின் வரைபடத்தைக் காட்டினார்கள். வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் மாற்றி மாற்றிப் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. மேய் அக்கா வாசல் துணியைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டாள். வந்த ஆட்களை மாஸ்டர் வாசலிலேயே கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார். சாயங்காலம் அம்மாவின் குரல் கேட்கும்வரை மேய் அக்கா என் கையை விடவே இல்லை. பாத்திகளுக்குள் கடல் புகுந்து எல்லாம் சேறாகிவிட்டது, எக்கியார்குப்பம் பக்கம் எல்லாம் போய்விட்டது, அப்பா மேட்டில் இருந்ததால் பிழைத்தார் என்றாள் அம்மா. நான் தமிழில் அழுதுகொண்டே சொன்னதை மேய் அக்கா கேட்டுத் தலையாட்டினாள். ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனால் சரியான இடங்களில்தான் தலையாட்டினாள்.

4

அப்பாவை ஒரு மாதம் இங்கே கொண்டுவந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஐப்பசி மழை விழுந்துவிட்டால் உப்பளத்தில் வேலை கிடையாது. 2005-இல் அந்த மழைக்காலத்தில் வந்தார். அம்மா, ஆட்டையும் மாட்டையும் யார் பார்ப்பது என்று வரவில்லை. அவருடைய பாஸ்போர்ட்டிலும் குடும்பப் பெயர்க் கட்டம் ஒன்று இருந்தது. அதில் அவர் அப்பாவின் பெயரான பெருமாளை எழுதியிருந்தார்கள். ஆக ஜப்பானில் அப்பா பெருமாள், நான் முனுசாமி, என் மகள் செந்தில்குமார். எல்லாரும் ஒரு தலைமுறை மேலே ஏறிக்கொண்டோம்.

அப்பா இருக்கும்வரை வேலைக்கு வரமாட்டேன் என்று மேய் அக்காவிடம் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. தன் அம்மாவும் ஊரில், மகள் ஜப்பானில் பெரிய ஓட்டல் முதலாளி என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்றாள். முக்காலிகளைக் காட்டி, பார் எவ்வளவு பெரிய ஓட்டல் என்று சிரித்தாள். எனக்குப் பதிலாக ஒரு கல்லூரிப் பெண்ணைப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னாள். கணவர் மட்டும், பேசாமல் மாமாவிடம் உண்மையைச் சொல்லிவிடேன் என்றார். அவருக்கென்ன, அவர் நிஜமாகவே ஆபீசில் இருப்பவர்.

அப்பா வந்தார். குளிருக்குக் குரங்குக் குல்லாய் போட்டு, என் கணவரின் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தார். எச்சில் துப்ப இடமில்லாத ஊர் என்று முதல் வாரமே குறைப்பட்டுக்கொண்டார். நிலாவுக்கும் அவருக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதுதான் எனக்கு ஆச்சரியம். நிலாவுக்குத் தமிழ் புரியும், வாயில் வருவது ஜப்பானிய மொழிதான். நான் தமிழில் அதட்டினால் அவள் ஜப்பானிய மொழியில் மன்னிப்புக் கேட்பாள். அது எனக்கு ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று இருக்கும். எனக்குப் பிறந்தவள் என் கோபத்துக்கு வேறு மொழியில் பதில் சொல்கிறாளே என்று. அப்பாவுக்கு அந்த விசாரமே இல்லை. அவள் அவளுடைய மொழியில் பேசுவாள், அவர் அவருடைய மொழியில் பேசுவார், இருவரும் சிரிப்பார்கள். பூங்காவுக்குக் கைகோத்துக்கொண்டு போவார்கள்.

சாயங்காலங்களில் அப்பா என் ஆபீசைப் பற்றிக் கேட்பார். எத்தனை மாடி, மேனேஜர் நல்லவரா என்று. லீவு போட்டிருக்கேன்ப்பா, அந்தப் பேச்ச விடு என்பேன். அவர் விடமாட்டார். போவதற்குள் ஒருநாள் வாசலில் நின்றாவது பார்க்க வேண்டும் என்றார். பார்த்துவிட்டால்தான் ஊரில் போய் இன்னும் விளக்கமாகச் சொல்ல முடியுமாம்.

5

ஒரு சனிக்கிழமை. கணவர் ஏதோ வேலையாக வெளியே போயிருந்தார். அப்பாவும் நிலாவும் பூங்காவுக்குப் போனார்கள். நான் கானாங்கெளுத்தி வறுத்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஆளைக் காணோம். பூங்காவுக்கு ஓடினேன், ஊஞ்சல் காலியாக இருந்தது. அப்பாவுக்கு மொழி தெரியாது, கையில் போன் கிடையாது. நிலாவுக்கு ஐந்து வயது. தெருத் தெருவாக ஓடினேன். ரயில் நிலையத்தின் பின்தெருவில் கடையின் கண்ணாடி வழியாகக் குரங்குக் குல்லாய் தெரிந்தது.

பசித்ததும் நிலா தாத்தாவை இழுத்துக்கொண்டு தனக்குத் தெரிந்த ஒரே ஓட்டலுக்குப் போயிருக்கிறாள்.

உள்ளே உட்கார இடமில்லாத கூட்டம். பலகையின் ஓரத்தில் அப்பா முள்கரண்டியால் நூடுல்ஸைச் சுற்றிக்கொண்டிருந்தார். நிலா உறிஞ்சிக் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மலர்ந்தது.

"அமுதா, இந்தம்மா என் பேரச் சொல்லுது. இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

நிலா சொல்லியிருப்பாள், முனுசாமி சானின் அப்பா என்று மேய் அக்கா வரவேற்றிருப்பாள் என்று நான் ஊகித்துக்கொண்டிருக்கும்போதே, உள்மேசையிலிருந்து பழைய வாடிக்கையாளர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டார். பல நாளாகக் காணாத சந்தோஷத்தில் குவளையைத் தூக்கிக் காட்டி உரக்கக் கூப்பிட்டார்.

"முனுசாமி சான்! தண்ணி!"

அப்பா படக்கென்று எழுந்து நின்றார். குல்லாயைக் கழற்றினார். கும்பிட்டார்.

"இன்னாங்க?"

வாடிக்கையாளர் திடுக்கிட்டு அவரும் பாதி எழுந்து குனிந்து வணங்கினார். அப்பா மறுபடி கும்பிட்டார், அவர் மறுபடி குனிந்தார். பிறகு அவர் கை அப்பாவைத் தாண்டி என்னை நோக்கி நீண்டது. அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். குவளையைப் பார்த்தார்.

அதற்குள் என் கண், பழக்கதோஷம், கடையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. வருவதாக இருந்த கல்லூரிப் பெண் வரவில்லை. இரண்டு மேசைகளில் சாப்பிட்டு முடித்த கிண்ணங்கள் குவிந்து கிடந்தன. வாசலில் ஆட்கள் நின்றார்கள். மேய் அக்கா கை நிறைய கிண்ணங்களோடு வியர்த்து நின்றாள். என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அப்பா இருக்கிறார், நீ எடுக்காதே என்று அர்த்தம்.

அவள் ஆட்டாமல் இருந்திருந்தால் ஒருவேளை நிலாவை இழுத்துக்கொண்டு வெளியே போயிருப்பேன். அவள் ஆட்டியதும் என்னால் நிற்க முடியவில்லை. ஆணியில் தொங்கிய ஏப்ரனை எடுத்துக் கட்டினேன். தண்ணீர் ஊற்றினேன். மேசைக்குப் போய், கடித்துப் போட்ட எலும்பும் துடைத்துப் போட்ட காகிதமும் மிதந்த கிண்ணங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித் தூக்கினேன். அப்பாவின் முன்னாலேயே தூக்கிக்கொண்டு போனேன்.

கூட்டம் குறையும்வரை அவர் அந்த முக்காலியில் அப்படியே இருந்தார். கிண்ணத்தில் மீதி நூடுல்ஸ் ஊறிப் பெருத்துக் கிடந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது நிலாவின் கையை மட்டும் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

சாயங்காலம் டீ கொடுத்தபோதுதான் பேசினார்.

"ஆபீசுன்னாளே உங்கம்மா."

நான் என் டீயை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"என் பேரச் சொல்லி தண்ணி கொண்டாங்கிறான். என் பேரச் சொல்லி எச்சித் தட்ட எடுன்றான். இதுக்கா உன்ன காலேஜிக்கு அனுப்ச்சேன்?"

எனக்குக் கோபம் சுலபமாக வரும். அது அவரிடமிருந்து வந்த சொத்து.

"கடல் உள்ள வந்த அன்னிக்கு நீ இருக்கியா இல்லையான்னு தெரியாம நான் எங்க உக்காந்திருந்தேன் தெரியுமாப்பா? அந்தக் கடையிலதான். யாவாரத்த நிறுத்திட்டு என் கையப் புடிச்சிகினு இருந்தது அந்த அக்கா. ஆமா, எச்சிதான் எடுக்கிறேன். இன்னமும் எடுப்பேன்."

அப்பா டீயைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

"மாப்ளகிட்ட சொல்லி டிக்கெட்ட மாத்தச் சொல்லு. நான் ஊருக்குப் போறேன்."

6

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் நிலா ஒருத்திதான் பேசினாள். அப்பா சோற்றைப் பிசைந்து கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். இப்படியே இவர் விமானம் ஏறிப் போனால், இனி நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் இந்த முகம்தான் எனக்காக வாசலில் நிற்கும். அம்மாவிடம் நல்லா இருக்கேன் என்று போனில் சொல்லும்போது, பக்கத்தில் இருந்துகொண்டு பேசமாட்டார். அது எனக்கு நன்றாகத் தெரியும். அறைந்தவனை இத்தனை வருஷம் மறக்காத மனுஷன். கணவர், திங்கட்கிழமை டிக்கெட் ஆபீஸ் திறந்ததும் கேட்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, என்னைத் தனியாக அழைத்து, என்ன செய்யட்டும் என்றார். நாளைச் சாயங்காலம்வரை கேட்காதீர்கள் என்றேன். அதற்குள் என்ன நடந்துவிடும் என்று எனக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை நிலாவைப் பள்ளியில் விட்டேன். அப்பாவுக்குச் சோறும் குழம்பும் மேசையில் மூடிவைத்தேன். வேலைக்குப் போறேன்ப்பா என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஒளித்துவைக்க இனி ஒன்றும் இல்லை. பயந்து வீட்டில் உட்கார்ந்தால், அவர் சொன்னது சரி என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். மேய் அக்கா என் முகத்தைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் வெங்காயத்தாளை நறுக்கக் கொடுத்தாள்.

கடை நிறைந்துகொண்டிருந்த நேரத்தில் கதவு திறந்தது. குரங்குக் குல்லாய், கோட்டு. அப்பா வந்து, கதவோரத்து மேசையில் உட்கார்ந்தார். வழியை எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. நான் போய் நின்றேன். வாடிக்கையாளரிடம் கேட்பதுபோலக் கேட்பதா, அப்பாவிடம் கேட்பதுபோலக் கேட்பதா என்று புரியவில்லை.

"சோறு ஆறிப்போச்சு" என்றார்.

மேய் அக்கா முந்திக்கொண்டாள். நூடுல்ஸ் வைத்தாள். கொழுக்கட்டை மாதிரி மாவுக்குள் கோழிக்கறி அடைத்துச் சுட்டதை வைத்தாள். அப்பா போதும்மா போதும்மா என்று கையால் மறைக்க மறைக்க, விரலிடுக்கு வழியாக இன்னொன்றை வைத்தாள். அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மறைக்கவில்லை. காரம் இல்லை என்று மட்டும் என்னிடம் தமிழில் குறை சொல்லிவிட்டு, முழுவதையும் சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்கவில்லை. நான் எடுப்பதையும் துடைப்பதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். முதுகில் அந்தப் பார்வையைச் சுமந்துகொண்டுதான் வேலை செய்தேன். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், டை கட்டிய பெரிய ஆபீஸ் ஆள், சாப்பிட்டு முடித்தார். தன் கிண்ணத்தைத் தானே இரண்டு கையாலும் தூக்கிப் பலகையின் மேல்தட்டில் வைத்தார். அங்கே கிடந்த துணியை எடுத்துத் தான் சிந்திய இடத்தைத் துடைத்தார். இங்கே பலரும் அப்படித்தான் செய்வார்கள். எனக்கு அது கண்ணில் படாமலே போய்விட்ட பழக்கம். அப்பா கழுத்தை நீட்டிப் பார்த்தார். அந்த ஆள் வெளியே போகும்போது என்னிடம் தலை தாழ்த்தி, "முனுசாமி சான், கோச்சிசோசாமா" என்றார்.

அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா சொல்லிட்டுப் போறான்?"

"சாப்பாடு நல்லாருந்துச்சு, உங்க புண்ணியம்னு."

"யார்கிட்ட?"

"எங்கிட்டதான். உன் பேரச் சொல்லித்தான் சொல்றாங்கப்பா. தெனமும், எல்லாரும்."

அப்பா வாசலைப் பார்த்தார். அந்த ஆள் தெருவில் குடையை விரித்துக்கொண்டிருந்தார். அவர் முனை திரும்பி மறையும்வரை அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்தது. மேய் அக்கா வாசல் துணியை உள்ளே எடுத்து வைத்தாள். அதற்குப் பிறகுதான் நாங்கள் சாப்பிடுவோம். மாஸ்டர் எங்கள் மூவருக்கும் நூடுல்ஸ் போட்டு, அப்பா இருந்த மேசைக்கே கொண்டுவந்தார். நிற்கமுடியாத பசி. சனிக்கிழமையிலிருந்து நானும் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல், இங்கத்து வழக்கப்படி உறிஞ்சியே சாப்பிட்டேன்.

"மெதுவா துன்னு. யாரும் புடுங்கிக்க மாட்டாங்க" என்றார் அப்பா.

முடித்துவிட்டு, வழக்கம்போல எல்லாக் கிண்ணங்களையும் சேர்த்து எடுக்க எழுந்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த உள்ளங்கையில் உப்பு அரித்த சொரசொரப்பு.

"உக்காரு. காலைலேருந்து நின்னுகினே இருக்க."

எங்கள் வீட்டில் அப்பா தன் தட்டைக்கூட எடுத்ததில்லை. சாப்பிட்ட தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போவார். அம்மா எடுப்பாள், இல்லையென்றால் நான் எடுப்பேன். எடுக்காமல் இருப்பதற்காகத்தான் ஒரு ஆயுள் முழுக்க உப்பில் நின்றார். அவர் என் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார். நான் கடித்து மிச்சம் வைத்தது அதில் மிதந்துகொண்டிருந்தது. அதைத் தன் கிண்ணத்தின் மேல் வைத்தார். மேய் அக்காவுடையதையும் மாஸ்டருடையதையும் பார்த்தார். ஒரு கணம்தான். அவற்றையும் அடுக்கினார். மேய் அக்கா பதறி எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, நான்கு பேர் எச்சிலையும் ஒரே கையில் ஏந்தி, ஒரு சொட்டு சிந்தாமல் அப்பா உள்ளே போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல்.

"அமுதா, இதுல எதும்மா சோப்பு?"

நான் மேய் அக்காவின் கையை விடவில்லை. மாஸ்டர்தான் எழுந்து போய்க் காட்டினார்.